உபேர் ரொபேரின் லூவர்க் காட்சிகள்: கட்டட ஓவியத்தில் மெய்ப்பாடும் உத்தியும்

முன்னுரை

கட்டடத்தையே பொருளாகக் கொண்ட ஓவியம் ஆய்வாளர்க்கு ஒரு தனிச் சிக்கலைத் தருகிறது. மாந்தரை வரைந்த ஓவியத்தில் முகமும் கண்ணும் கையும் உணர்வைக் காட்டிவிடும். கட்டடத்திற்கு முகம் இல்லை. தூணும் சுவரும் கூரையும் மகிழ்வதும் இல்லை, வருந்துவதும் இல்லை. எனினும் பெருமாளிகை ஒன்றின் ஓவியத்தின் முன் நிற்போர் வியப்போ அச்சமோ இரக்கமோ கொள்கின்றனர். அவ்வுணர்வு கட்டடத்தில் இருக்கிறதா, ஓவியன் அதனை ஆக்கித் தருகிறானா என்பது முதலில் எழும் வினா.

இவ்வினா அழகியலோடு நின்றுவிடுவதன்று. வரலாறு எழுதுவோர்க்கும் உரியது. நிழற்படக் கருவி தோன்றுவதற்கு முற்பட்ட காலக் கட்டடங்களின் நிலையை அறிய ஓவியங்களையும் செதுக்கு அச்சுப் படங்களையும் சான்றுகளாகக் கொள்கிறோம். ஒரு மாளிகை இடிந்து கிடப்பதாக ஓவியம் காட்டினால், அக்காலத்தில் அது இடிந்து கிடந்தது என்றும், அதனைக் கண்டோர் அதற்காக வருந்தினர் என்றும் எழுதிவிடுகிறோம். இவ்விரு முடிவுகளும் பிழையாகிவிடக்கூடும். வரையப்பட்ட நாளில் இடியாமல் நின்ற கட்டடம் ஒன்றை இடிபாடாகத் தீட்டிய ஓவியம் உண்டு. அதனைத் தீட்டியவரோ அக்கட்டடத்தில் அமைந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவர். பிரெஞ்சு ஓவியர் உபேர் ரொபேர் 1796ஆம் ஆண்டுச் சலோன் கண்காட்சியில் வைத்த, லூவர்ப் பெருங்கூடத்தை இடிபாடாகக் காட்டும் கற்பனைக் காட்சியே அது.

இவ்வோவியத்திற்கு ஓர் இணை உண்டு. அதே கண்காட்சியில் இடம்பெற்ற அவ்விணையோவியம், அதே பெருங்கூடம் செப்பனிடப்பட்டு எழில்பெற்று விளங்குவதைக் காட்டுகிறது. இரண்டும் இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒன்று ஆக்கத்தையும் மற்றொன்று அழிவையும் கூறுகின்றன என்பது வெளிப்படை. இவ்விரு நேர்மாறான உணர்வுகளையும் ஓவியர் ஒரே உத்தியைக் கொண்டு எவ்வாறு விளைவித்தார் என்பதையும், அவ்வுத்தியை அறிவது ஓவியத்தைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாய்வுக்கு எவ்வகையில் துணைசெய்யும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. உணர்வுகளைப் பகுத்துக் கூறுவதற்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்த சொற்கள் இங்கு எடுத்தாளப்படுகின்றன.

ஓவியரும் அவர் பயிற்சியும்

உபேர் ரொபேர் 1733இல் பாரிசில் பிறந்தார். 1754இல் பிரெஞ்சுத் தூதருடன் உரோமை சென்ற அவர், பதினோராண்டுகள் இத்தாலியில் தங்கி ஓவியம் பயின்றார். பழைய உரோமப் பேரரசின் நீராட்டு மண்டபங்களும் வெற்றி வளைவுகளும் கோயில்களும் அக்காலத்தில் கால்நடைகள் மேயும் இடங்களாகவும், ஏழையர் துணி உலர்த்தும் இடங்களாகவும் இருந்தன. பேரரசரின் மண்டபத்தில் வண்ணாத்தி துணி துவைப்பதைக் கண்ட கண்களோடு அவர் ஓவியரானார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

உரோமையில் அவருக்கு இரு வழிகாட்டிகள் கிடைத்தனர். ஒருவர் பானீனி (1691-1765). அவர் அங்கிருந்த பிரெஞ்சுக் கலைக்கழகத்தில் தொலைநோக்கு வரைமுறையைக் கற்பித்தவர். கட்டடங்களின் உட்புறத்தை அளவு பிறழாமல் வரைவதில் வல்லவர். மற்றொருவர் பிரானேசி (1720-1778). அவர் செதுக்கு அச்சுப் படங்களில் உரோமக் கட்டடங்களை வரைந்தவர். பார்வைக் கோணத்தைத் தாழ்த்தியும் மாந்தரைச் சிறுத்தும் கட்டடங்களை உண்மையினும் பெரியனவாகத் தோன்றச் செய்தவர். பானீனியிடமிருந்து அளவையும் பிரானேசியிடமிருந்து மிகையையும் ரொபேர் பெற்றுக்கொண்டார் எனலாம். அளவு நம்பகத்தைத் தரும். மிகை வியப்பைத் தரும். இவ்விரண்டும் ஒருசேர அமைந்தமையே அவர்தம் ஓவியங்களின் ஆற்றல்.

1765இல் பாரிசு திரும்பிய அவர், அடுத்த ஆண்டே கட்டட ஓவியராக அரச ஓவியக் கழகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1767ஆம் ஆண்டுச் சலோனில் அவர்தம் இடிபாட்டு ஓவியங்களைக் கண்ட திதரோ, அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். இடிபாடுகள் மனத்தில் பெருஞ்சிந்தனைகளை எழுப்புகின்றன. எல்லாம் அழிகின்றன, காலம் மட்டுமே நிலைக்கிறது என்னும் உணர்வைத் தருகின்றன என்பது திதரோவின் கருத்து. ஆயின் அவர் ஒரு குறையையும் சுட்டினார். ரொபேரின் ஓவியங்களில் மாந்தர் மிகுதி. அவர்களுள் முக்கால் பங்கினரை நீக்கினால்தான் தனிமையும் அமைதியும் கிட்டும் என்றார். இக்குறிப்பிற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

‘இடிபாட்டு ரொபேர்’ என்றே அழைக்கப்பட்ட அவர், பழங்கால இடிபாடுகளோடு நின்றுவிடவில்லை. தம் கண்முன் நகரம் இடிக்கப்பட்டதையும் எரிந்ததையும் வரைந்தார். 1781இல் நிகழ்ந்த இசைநாடக அரங்கின் தீவிபத்து, 1786இல் நோத்ர்தாம் பாலத்தின் மீதிருந்த வீடுகள் இடிக்கப்பட்டமை, 1789 சூலையில் பாசுத்தீய் சிறைக்கோட்டை இடிக்கப்பட்ட முதல் நாள்கள், 1793இல் சேன்தெனி தேவாலயத்தில் அரசர்களின் கல்லறைகள் தோண்டப்பட்டமை ஆகிய அனைத்தும் அவர் தூரிகைக்குப் பொருளாயின. பழமையால் வரும் சிதைவையும் மனிதர் கையால் வரும் சிதைவையும் ஒருங்கே கண்டவர் அவர்.

பெருங்கூடத்தின் வரலாறு

லூவரின் பெருங்கூடம் நான்காம் என்றி மன்னரின் ஆட்சியில் 1595க்கும் 1610க்கும் இடையில் கட்டப்பட்டது. சேன் ஆற்றை ஒட்டி, லூவர் அரண்மனையைத் துய்லெரி அரண்மனையோடு இணைக்கும் நெடுங்கூடம் அது. அதன் நீளம் ஏறத்தாழ 450 மீட்டர். அரசர் மழையில் நனையாமல் ஓர் அரண்மனையிலிருந்து மற்றோர் அரண்மனைக்குச் செல்லும் வழியாக இருந்த அக்கூடத்தை ஓவியங்களின் இடமாக்க வேண்டும் என்னும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. 1784இல் அரச அருங்காட்சியகத் திட்டத்தில் ஓவியங்களின் காப்பாளராக ரொபேர் அமர்த்தப்பெற்றார். லூவரிலேயே அவருக்குக் குடியிருப்பும் வழங்கப்பட்டிருந்தது.

அத்திட்டத்தில் தீராத சிக்கலாக நின்றது வெளிச்சம். கூடத்தின் இருபுறச் சுவர்களிலும் சாளரங்கள் இருந்தன. சாளரங்களுக்கு இடைப்பட்ட சுவரில் தொங்கும் ஓவியத்தைக் காண்போரின் கண்ணில் சாளரத்தின் ஒளியே பட்டது, ஓவியம் இருண்டது. கூரையைத் திறந்து மேலிருந்து ஒளியை இறக்கினால் இக்குறை நீங்கும் என்று கட்டடக் கலைஞரும் ஓவியரும் வாதிட்டனர். அரச ஆட்சிக் காலத்தில் தொடங்கிய இவ்வாதம் முடியுமுன் புரட்சி வந்தது.

1793 ஆகத்து 10 அன்று, முடியாட்சி வீழ்ந்த முதலாண்டு நிறைவு நாளில், லூவர் மக்களுக்குரிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்தோபரில் ரொபேர் கைதுசெய்யப்பட்டுச் சேன்த்பெலசி, சேன்லசார் சிறைகளில் அடைக்கப்பட்டார். சிறையிலும் அவர் ஓவியம் தீட்டுவதை நிறுத்தவில்லை. உணவுத் தட்டுகளின் மீதும் தீட்டினார். 1794 சூலையில் ரொபெசுபியேர் வீழ்ந்தபின் விடுதலை பெற்றார். 1795இல் அருங்காட்சியகத்தின் ஆட்சிக் குழுவில் இடம்பெற்றார். 1796இல் பெருங்கூடம் செப்பனிடுவதற்காக மூடப்பட்டது. 1799இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே இவ்விரு ஓவியங்களும் காட்சிக்கு வந்த காலத்தில் பெருங்கூடம் எழிலோடு விளங்கவும் இல்லை. இடிந்து கிடக்கவும் இல்லை. வருங்காலத்தை நோக்கிக் காத்திருந்தது.

இரு கித்தான்கள்

இரண்டும் கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பெற்றவை. ஏறத்தாழ 115 செ.மீ. உயரமும் 145 செ.மீ. அகலமும் உடையவை. முதலாவதில் பெருங்கூடம் நீண்டு செல்கிறது. அதன் வளைகூரையில் இடைவெளிவிட்டுத் திறப்புகள் அமைந்துள்ளன. அவற்றின் வழியே ஒளி இறங்குகிறது. இரட்டைத் தூண்கள் தாங்கும் வளைவுகள் நெடுங்கூடத்தைப் பகுதிகளாகப் பிரிக்கின்றன. சுவர் நிறைய ஓவியங்கள். ஆடவரும் பெண்டிரும் உலவுகின்றனர். ஓவியர் சிலர் பழைய ஓவியங்களைப் பார்த்துப் படியெடுக்கின்றனர்.

இரண்டாவதில் வளைகூரையின் பெரும்பகுதி வீழ்ந்துவிட்டது. எஞ்சிய வளைவுகள் வானத்தைப் பின்புலமாகக் கொண்டு நிற்கின்றன. அவற்றின் விளிம்பில் செடிகள் முளைத்துள்ளன. சுவர்களில் ஓவியம் எதுவும் இல்லை. தரையில் கற்குவியல். அதன் நடுவே அப்போலோ பெல்வெதேர் சிலை சிதையாமல் நிற்கிறது. மைக்கேலாஞ்சலோ வடித்த அடிமையின் சிலையும் இரஃபேலின் மார்பளவுச் சிலையும் இடிபாடுகளிடையே காணப்படுகின்றன. சிலர் தீமூட்டிச் சூழ்ந்திருக்கின்றனர். இளைஞன் ஒருவன் அமர்ந்து அப்போலோவை வரைந்துகொண்டிருக்கிறான்.

சுவரில் ஓவியங்கள் இல்லாமை சிறிய செய்தி அன்று. கித்தானும் வண்ணமும் கல்லுக்கு முன்பே அழிந்துபோகும் என்பதை ஓர் ஓவியரே ஓவியத்தில் கூறுகிறார். இவ்வோவியத்தில் அழிந்தவை கூரையும் சுவரும் மட்டும் அல்ல. அவர்தம் கலையின் செல்வம் முழுவதும் அழிந்துள்ளது.

உத்தி: நோக்கும் ஒளியும்

இரு ஓவியங்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. தரை, சுவர், கூரை ஆகியவற்றின் கோடுகள் அனைத்தும் தொலைவில் உள்ள மறைபுள்ளியை நோக்கிக் குவிகின்றன. நெடுங்கூடத்தை வரைவதற்கு இம்முறை மிகப் பொருத்தமானது. அருகிலுள்ள தூண் ஓங்கியும் தொலைவிலுள்ள தூண் விரலளவாகவும் தோன்றும்போது, காண்போர் கண் இடையிலுள்ள தொலைவை நடந்து கடப்பதுபோல உணர்கிறது.

கற்பனை இடிபாட்டிலும் இக்கோடுகளை ரொபேர் பிறழவிடவில்லை என்பது கருதத்தக்கது. கூரை வீழ்ந்த இடத்திலும், அது இருந்திருந்தால் எங்கு ஓடியிருக்கும் என்பதை எஞ்சிய விளிம்புகள் காட்டுகின்றன. காண்போர் இல்லாத கூரையைத் தம் மனத்தில் முடித்துக்கொள்கின்றனர். இழப்பை உணர்வதற்கு இழந்ததன் வடிவம் தெரியவேண்டும். வெறும் கற்குவியலை வரைந்திருந்தால் இரக்கம் தோன்றியிராது. பானீனியிடம் கற்ற அளவுமுறையே இங்குத் துயரத்தின் கருவியாகிறது.

அடுத்தது ஒளி. இவ்விரு ஓவியங்களையும் இணைக்கும் முடிச்சு இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு. முதல் ஓவியம் ஒரு கட்டடக் கலை வாதம்: கூரையைத் திறந்து மேலிருந்து ஒளி பெறுக என்பதே அதன் செய்தி. இரண்டாம் ஓவியத்திலும் ஒளி மேலிருந்தே வருகிறது; கூரை வீழ்ந்ததால் வருகிறது. பொறுப்பாளர் பல்லாண்டுகள் வேண்டிநின்ற ஒளியை, அழிவு தடையின்றி வழங்கிவிடுகிறது. முன்னதில் அளவாகத் திறந்த வாயில்கள். பின்னதில் வரம்பற்ற வானம். ஒளியின் திசை ஒன்றே. அதன் காரணமே வேறு. கூடத்தின் எழிலுக்கு மேலொளி வேண்டும் என்று எண்ணிய மனம், அவ்வெண்ணத்தையே அதன் எல்லைவரை கொண்டுசென்று பார்த்ததுபோல் இரண்டாம் ஓவியம் அமைகிறது. எனவே இரண்டையும் தனித்தனியே காண்பது பொருந்தாது. இடிபாட்டு ஓவியத்தை மட்டும் கண்டவர் அதனைப் புலம்பல் என்பர். இணையோடு சேர்த்துக் கண்டவர் அதனுள் ஒரு நகையையும் காண்பர்.

வண்ணத்தைக் கையாளும் முறையும் இவ்வொளிக்குத் துணைநிற்கிறது. நிழற்பகுதிகளில் பழுப்பு வண்ணத்தை மெல்லியதாகப் பரப்பி, ஒளிபடும் கல்விளிம்புகளில் வெளிர் வண்ணத்தைத் தடிப்பாக இடுவது ரொபேரின் வழக்கம். முன்னிடம் இருண்டு வெம்மையாகவும், தொலைவு வெளுத்துக் குளிர்ந்தும் தோன்றும். இதனால் காண்போர் இருளில் நின்று ஒளியை நோக்குவர். அவர் தூரிகையின் விரைவும் பெயர்பெற்றது. மடல் எழுதும் விரைவில் அவர் ஓவியம் தீட்டினார் என்னும் பொருள்பட ஓவியர் விழே லெபுரேன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். இவ்விரைவைச் சிலர் குறையாகக் கருதினர். ஆயின் உதிரும் சுண்ணமும் சிதறிய கல்லும் காற்றில் அசையும் செடியும் நுணுகிய தீட்டலைவிட விரைந்த தூரிகை வீச்சிலேயே உயிர்பெறுகின்றன. கோடு உறுதியானது, அதன்மேல் வண்ணம் நெகிழ்வானது. கட்டியதன் உறுதியும் சிதைவதன் நெகிழ்வும் வரைமுறையிலேயே அமைந்துவிட்டன.

உத்தியின் மூன்றாம் கூறு மாந்தர். திதரோ நீக்கச் சொன்ன மாந்தரை ரொபேர் முப்பதாண்டுகளுக்குப் பின்னும் நீக்கவில்லை. அவர்கள் மூன்று பணிகளைச் செய்கின்றனர். முதலாவது, அளவு. மனித உயரம் நாம் அறிந்தது. அதனைக் கொண்டே தூணின் உயரத்தை அளக்கிறோம். இரண்டாவது, காலம். தீமூட்டி அமர்ந்திருப்போர்க்கு இவ்விடம் அருங்காட்சியகம் என்னும் நினைவே இல்லை; அழிவு நிகழ்ந்து நெடுங்காலம் ஆயிற்று என்பதை அவர்தம் இயல்பான இருக்கையே தெரிவிக்கிறது. அழிந்த அன்று வரைந்திருந்தால் அவர்கள் அஞ்சி ஓடியிருப்பர். மூன்றாவது, வேறுபாடு. தீயின் அருகிருப்போர்க்கு இடிபாடு ஒதுங்கிடம். வரையும் இளைஞனுக்கு அது பள்ளிக்கூடம். ஒரே இடம் இருவர்க்கு இரு பொருள் தருவதை மாந்தர் இன்றிக் காட்ட இயலாது. திதரோ விரும்பிய தனிமை ஓர் உணர்வையே தரும். ரொபேரின் மாந்தர் பல உணர்வுகளைத் தருகின்றனர்.

மெய்ப்பாட்டு நோக்கு

தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்தார். ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றும் வகுத்தார். இப்பகுப்பு செய்யுளுக்குரியது. எனினும், உணர்வின் பெயரைக் கூறுவதோடு நில்லாமல் அது எதனால் பிறக்கிறது என்பதையும் இணைத்துக் கூறுவதால், ஓவியத்தை ஆராய்வார்க்கும் பயன்படும் கருவியாக அது அமைகிறது. ‘இவ்வோவியம் சோகமானது’ என்று கூறிவிட்டு நகரும் வழக்கத்தை இப்பகுப்பு தடுக்கிறது.

மருட்கையாகிய வியப்புக்கு அவர் கூறும் களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியன. பெருங்கூடத்தின் நெடிய தோற்றத்தால் வருவது பெருமை பற்றிய மருட்கை. அதன் அடியில் நுண்ணியராய்த் தோன்றும் மாந்தரால் வருவது சிறுமை பற்றியது. பெருமையும் சிறுமையும் ஒன்றையொன்று விளக்கி நிற்பதைப் பிரானேசியின் மரபில் வந்த ஒவ்வோர் ஓவியத்திலும் காணலாம். ஆக்கம் என்பதற்கு ஒன்று மற்றொன்றாகத் திரிதல் என உரையாசிரியர் பொருள் கொள்வர். அரண்மனை அருங்காட்சியகமாகி, அருங்காட்சியகம் குகையாகும் திரிபு இதன்பாற்படும். இன்றுள்ள கட்டடத்தின் வருங்கால இடிபாட்டைக் காட்டியமை புதுமை. இடிபாட்டு ஓவியம் இந்நான்கு களன்களையும் கொண்டிருக்கிறது. செப்பனிட்ட கூடத்தைக் காட்டும் ஓவியத்திலோ திரிபின் வியப்பு இத்துணை வலுவாக இல்லை.

அழுகையின் களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியன. இவற்றுள் இழவு என்பது உரியாரையோ உடைமையையோ இழத்தல். அசைவு என்பது முன்னைய நிலை கெட்டுத் தளர்தல். இவ்வேறுபாடு இங்குப் பெரிதும் துணைசெய்கிறது. சேன்தெனிக் கல்லறைகள் தோண்டப்படுவதைக் காட்டும் ரொபேரின் ஓவியம் இழவைக் கூறுவது. நேற்று இருந்தது இன்று இல்லை. லூவர் இடிபாடு அசைவைக் கூறுவது; இழந்தோர் எவரும் அங்கு இல்லை; நிலைமாற்றம் மட்டுமே தெரிகிறது. இழவில் குமுறல் உண்டு. அசைவில் அமைதி உண்டு. அந்த அமைதியை ஓவியத்தில் விளைவிப்பது மேலிருந்து பரவும் ஒளியே. இருண்ட வானத்தையோ புயலையோ இடியையோ ஓவியர் வரையவில்லை. பகலின் இயல்பான வெளிச்சத்தில் இடிபாடு கிடக்கிறது. அதனால் அச்சம் என்னும் மெய்ப்பாடு தோன்றாது போகிறது.

எஞ்சுவது இளைஞன். பெருமிதத்தின் களன்களாகத் தொல்காப்பியர் கூறுவன கல்வி, தறுகண், இசைமை, கொடை. படைவீரனின் தறுகண்மைக்கு முன்னதாகக் கல்வி வைக்கப்பட்டுள்ளமை நினையத்தக்கது. எல்லாம் அழிந்த இடத்தில் ஒருவன் கற்றுக்கொண்டிருக்கிறான். முதல் ஓவியத்தில் சுவர் ஓவியங்களைப் படியெடுப்போர் எதைச் செய்தனரோ, அதனையே இவனும் செய்கிறான். கூரை வீழ்ந்தது, கற்றல் வீழவில்லை. ஆகவே இடிபாட்டு ஓவியத்தின் முடிந்த உணர்வு அழுகை அன்று. மருட்கையில் தொடங்கி, அழுகையைக் கடந்து, கல்வி பற்றிய பெருமிதத்தில் அமைவது எனக் கொள்ளலாம்.

அப்போலோ எழுப்பும் வினா

இவ்விடத்தில் ஆய்வு நின்றுவிடின் ஓவியரைப் புகழ்ந்ததாக முடியும். வரலாறு வேறொன்றையும் வினவச் சொல்கிறது. ஓவியத்தின் நடுவே நிற்கும் அப்போலோ பெல்வெதேர் 1796இல் பாரிசில் இல்லை. அந்தப் பளிங்குச் சிலை உரோமையில் போப்பாண்டவரின் வத்திக்கான் தொகுப்பில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் முதலாம் பிரான்சுவா மன்னருக்காக வார்க்கப்பட்ட அதன் வெண்கலப் படியே பிரான்சில் இருந்தது. 1796 சூனில் நெப்போலியனின் படைக்கு அடிபணிந்த போப்பாண்டவர், நூறு கலைப்பொருள்களைப் பிரான்சுக்கு வழங்க உடன்பட்டார். 1797இல் தொலென்தீனோ உடன்படிக்கை அதனை உறுதிசெய்தது. 1798இல் அச்சிலை பாரிசு வந்து சேர்ந்தது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் உரோமைக்கே திரும்பியது.

மைக்கேலாஞ்சலோவின் அடிமைச் சிலை 1794இலேயே நாட்டுடைமையாகி லூவரை அடைந்திருந்தது. ஆகவே இவ்வோவியத்தில் புரட்சி அரசு உள்நாட்டில் கைப்பற்றிய சிலையும், வெளிநாட்டிலிருந்து அது எதிர்நோக்கிய சிலையின் உருவமும் அருகருகே உள்ளன. அதே 1796இல் கத்திரமேர் தெ கேன்சி இத்தாலியக் கலைப்பொருள்களை அகற்றுவதை எதிர்த்து மடல்களாக ஒரு நூலை வெளியிட்டார். உரோமை நகரம் முழுவதும் ஓர் அருங்காட்சியகம். அதன் சிலைகளை அதன் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் பிரிக்கலாகாது என்பது அவர் வாதம். அருங்காட்சியகம் ஒன்று பிறர் செல்வத்தால் நிறைவது முறையா என்னும் வழக்கு பாரிசில் நடந்துகொண்டிருந்த காலத்தில் இவ்வோவியம் தோன்றியது என்பதை மறத்தலாகாது.

அவ்வழக்கில் ரொபேர் எப்பக்கம் நின்றார் என்பதை ஓவியம் ஒருமுகமாகக் கூறவில்லை. அப்போலோ லூவரில் அழியாமல் நிற்கும் என்பதால் அதனை ஓர் உரிமைக் குரல் எனக் கொள்ள இடமுண்டு. லூவரே அழியும் என்பதால், கொண்டுவந்து சேர்க்கும் பேரரசின் நிலையாமையைக் கூறுவது எனக் கொள்ளவும் இடமுண்டு. உரோமையின் இடிபாடுகளில் பதினோராண்டுகள் வரைந்து பயின்றவர், தம் நகரும் ஒருநாள் உரோமையாகும் என்கிறார். அது பெருமையும் ஆகும், எச்சரிக்கையும் ஆகும். இவ்விரு பொருளும் ஒருங்கே நிற்குமாறு செய்தது, சினமும் அச்சமும் கலவாத அந்த ஒளியே.

பிற விளக்கங்கள்

சிறைவாசத்தின் துயரமே இவ்வோவியமாக வெளிப்பட்டது என்பது அடிக்கடி கூறப்படும் விளக்கம். சிறைக்கு முப்பதாண்டுகள் முன்பிருந்தே அவர் இடிபாடுகளை வரைந்தவர் என்பதாலும், அதே காலத்தில் நம்பிக்கை மிகுந்த இணையோவியத்தையும் தீட்டியவர் என்பதாலும் இவ்விளக்கம் முழுமையாகப் பொருந்தாது. வோல்னே 1791இல் வெளியிட்ட, பேரரசுகளின் இடிபாடுகள் பற்றிய நூல் அக்காலத்தில் பரவலாகப் படிக்கப்பட்டது. தம் நாட்டின் வருங்கால இடிபாட்டை எண்ணிப் பார்ப்பது ஒருவருடைய தனித்துயராக இல்லாமல் காலத்தின் சிந்தனையாகவே இருந்தது. இங்கிலாந்திலும் இச்சிந்தனை தொடர்ந்தது. கட்டடக் கலைஞர் சோன் தாம் கட்டிய இங்கிலாந்து வங்கியைக் கூரை நீங்கிய இடிபாடுபோலக் காட்டும் நீர்வண்ண ஓவியத்தைக் கேண்டி 1830இல் தீட்டினார். தம் கட்டடம் உரோமக் கட்டடத்திற்கு நிகர் என்பதை நிறுவ, அதனை இடிபாடாக வரைவிப்பதே சிறந்த வழி எனக் கட்டியவரே கருதிய காலம் அது.

முடிவுரை

பெருமாளிகையின் ஓவியத்தில் உணர்வு கட்டடத்தின் இயல்பாக அமைவதன்று. பார்வைக் கோணம், ஒளியின் திசை, மாந்தரின் அளவு, வண்ணத்தின் தடிப்பு ஆகிய உத்திகளால் ஆக்கப்படுவது. ஒரே கூடத்தை ஒரே ஓவியர் ஒரே காலத்தில், ஒரே தொலைநோக்கு முறையாலும் ஒரே மேலொளியாலும் வரைந்து நேர்மாறான இரு காட்சிகளைத் தந்துள்ளமை இதற்குத் தக்க சான்று.

இடிபாட்டு ஓவியத்தைச் சான்றாகக் கொள்வோர் கட்டடம் இடிந்ததா என்று வினவுவதற்கு முன், ஒளி எங்கிருந்து வருகிறது, எஞ்சிய கோடுகள் எதை நினைவூட்டுகின்றன, அங்குள்ள மாந்தர் என்ன செய்கின்றனர், அங்கு இருக்கவியலாத பொருள் எதுவும் இருக்கிறதா என வினவுதல் வேண்டும். லூவர் ஓவியத்தில் இல்லாதிருந்த அப்போலோவே, இருந்த தூண்களைவிட மிகுதியான வரலாற்றைக் கூறிற்று. இவ்வினாக்கள் ஐரோப்பியர் நம் நாட்டுக் கோட்டைகளையும் கோயில்களையும் மண்டபங்களையும் வரைந்த படங்களுக்கும் பொருந்துவன. அப்படங்களில் காணும் சிதைவில் எவ்வளவு காலத்தின் கைவண்ணம், எவ்வளவு ஓவியரின் கைவண்ணம் என்பது படந்தோறும் தனித்து ஆராயத்தக்கது.

ரொபேர் 1808இல் மறைந்தார். அவர் விரும்பிய மேலொளியும் வளைவுகளும் 1805க்கும் 1810க்கும் இடையில் பெர்சியே, ஃபோந்தேன் என்னும் கட்டடக் கலைஞர்களால் பெருங்கூடத்தில் ஒரு பகுதி நிறைவேற்றப்பட்டன. அவர் தீட்டிய இடிபாடு இன்றுவரை நிகழவில்லை. முன்னது திட்டமாகவும் பின்னது எச்சரிக்கையாகவும் அதே லூவரில் காக்கப்பட்டு வருகின்றன.